பெரிய சிறுநீரகக் கல்: அறுவை சிகிச்சை பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்கேனில் 26 மி.மீ. கல் இருப்பதாக வந்திருக்கிறது. வலியே இல்லை. அதிர்வலை கொடுத்து உடைத்துவிட முடியாதா?

அதிர்வலை கல்லை உடைக்கும், ஆனால் வெளியே எடுக்காது. உடைந்த துண்டுகள் எல்லாம் சில மி.மீ. அகலமே உள்ள சிறுநீர்க்குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். 26 மி.மீ. கல் பொடியானால் துண்டுகள் குழாயில் வரிசைகட்டி நின்று அடைத்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் 20 மி.மீ.க்கு மேல் அதிர்வலையை முதல் தேர்வாக வைப்பதில்லை. சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கல்லுக்கு 10 மி.மீ. தாண்டினாலே பலன் குறைகிறது, ஏனென்றால் துண்டுகள் அங்கிருந்து மேலேறி வர வேண்டும். சிடி ஸ்கேன் அறிக்கையில் அடர்த்தி 1000 ஹெச்.யு.க்கு (சிடி ஸ்கேனில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) மேல் என்றிருந்தால் கல் சரியாக உடையவும் உடையாது.

வலி இல்லை என்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். மெதுவாக ஏற்படும் அடைப்பு பெரும்பாலும் வலிக்காது. சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: பிசிஎன்எல் என்றால் முதுகில் துளை போடுவார்களாமே? எவ்வளவு பெரிய துளை? ஏன் ரத்தம் போகிறது?

20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு வழக்கமான முதல் தேர்வு இதுதான். மயக்கம் கொடுத்தபின், சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை ஏற்றி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார்கள். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற அறைகளின் வடிவம் அதில் தெரியும். பிறகு குப்புறவோ மல்லாந்தோ படுக்கவைத்து, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி முதுகு அல்லது விலாப்புறமாக ஊசியைச் செலுத்துவார்கள். ஊசி வழியே கம்பி, கம்பியின் மேல் படிப்படியாகத் துளையை அகலப்படுத்தும் குழாய்கள், கடைசியாக ஒரு உறை. அந்த உறைக்குள் நெஃப்ரோஸ்கோப்பை (சிறுநீரகத்துக்குள் பார்க்க உதவும் கருவி) விட்டுக் கல்லை உடைத்து எடுப்பார்கள். வழக்கமான துளை 8 முதல் 10 மி.மீ., மினி முறையில் 5 முதல் 7 மி.மீ.

அறுவையின் வெற்றி பெரும்பாலும் அந்த முதல் ஊசிக்குத்தில்தான் இருக்கிறது. ஊசி கிண்ணத்தின் நுனி வழியாக நேராக நுழைந்தால் பெரிய ரத்தக்குழாய் குறுக்கே வராது. கிண்ணத்தின் கழுத்துப் பகுதியைக் குத்திவிட்டால் பக்கத்தில் ஓடும் தமனி கிழியக்கூடும். விலா எலும்புக்கு மேலே குத்த வேண்டிவந்தால் நுரையீரல் உறைக்குள் நீர் அல்லது காற்று சேரக்கூடும். மூச்சுத்திணறல் இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மினி முறையில் ரத்தப்போக்கு குறைவு, நேரம் கூடுதல். குறுகிய துளையில் நீர் வெளியேறாமல் உள்ளே அழுத்தம் ஏறினால் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். உறிஞ்சும் வசதி உள்ள உறை இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

கேள்வி: துளையே வேண்டாம், லேசர் மூலம் ஆர்ஐஆர்எஸ் செய்துகொள்ளலாமா?

ஆர்ஐஆர்எஸ் என்பது சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் கருவியைச் சிறுநீரகம் வரை ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்கும் முறை. செய்யலாம், ஆனால் 26 மி.மீ. கல்லுக்கு இரண்டு அமர்வு தேவைப்படலாம் என்று தெரிந்து செய்யுங்கள். ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் தொற்றின் அபாயம் ஏறுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிறுத்தவே முடியாதவர்களுக்கு இதுவே நல்ல வழி. சிலருக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்து கருவி ஏறாது. அப்போது முரட்டுத்தனமாகத் தள்ளாமல் ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) மட்டும் வைத்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்துக் குழாய் விரிந்தபின் செய்வதுதான் சரி. அதைத் தோல்வி என்று நினைத்து வருந்த வேண்டாம்.

கேள்வி: யூரின் கல்ச்சரில் கிருமி வந்ததால் அறுவையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இது அவசியமா?

மிக மிக அவசியம். இந்த அறுவைகளில் உயிருக்கு ஆபத்தாகும் முக்கியச் சிக்கல், கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்தில் பரவுவதுதான். கல்ச்சர் காட்டும் கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டே கல்லைத் தொட வேண்டும். அடைப்போடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் அன்று கல்லை எடுக்கவே கூடாது. ஸ்டென்ட் அல்லது முதுகுவழிக் குழாய் மூலம் உடனே சிறுநீரை வடியவிட வேண்டும். கல் காத்திருக்கும், சீழ் காத்திருக்காது.

மான்கொம்பு போல் கிளைவிட்டுச் சிறுநீரகக் கிண்ணங்களை நிறைக்கும் மான்கொம்புக் கல் பல நேரங்களில் கிருமியால் உருவாவது. அப்படிப்பட்ட கல்லில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் கிருமி அதிலேயே தங்கி, கல் மறுபடி வளரும். இரண்டு துளை, இரண்டு அமர்வு ஆனாலும் முழுதாக எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: பிசிஎன்எல் முடிந்து பத்தாம் நாள் சிறுநீரில் ரத்தம். ஸ்டென்ட்டால்தானே?

ஸ்டென்ட் இருக்கும்போது, நடந்தால் அல்லது வேலை செய்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாவது இயல்பு. சிறுநீர் கழிக்கும்போது விலாவில் இழுக்கும் வலியும் அப்படியே. ஆனால் அடர் சிவப்பாக, கட்டிகட்டியாகப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தலைசுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காயப்பட்ட தமனியில் உருவாகும் பொய்ப்பை (ரத்தம் தேங்கிய வீக்கம்) ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வெடிப்பதுண்டு. தொடைவழி அல்லது கைவழி மெல்லிய குழாய் செலுத்தி அந்தத் தமனிக் கிளையை அடைத்தாலே பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும்.

ஸ்டென்ட்டை எடுக்கும் தேதியை எழுதிவையுங்கள். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கவே தனி அறுவை தேவைப்படும்.

கேள்வி: மருந்தில் கரையும் கல் உண்டா?

மருந்தில் நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல்தான். சிட்ரேட் மருந்தால் சிறுநீரின் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவை 6.5 முதல் 7 வரை வைத்துக்கொண்டால், பெரிய கல்லும் சில மாதங்களில் சுருங்கும். இந்தக் கல் சிடி ஸ்கேனில் தெரியும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அடர்த்தி 500 ஹெச்.யு.க்குக் கீழே இருந்தால், அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் இதைப் பற்றிக் கேளுங்கள். கால்சியம் கல்லை எந்த மருந்தும் கரைக்காது.

கேள்வி: எடுத்த கல்லை என்ன செய்வது?

பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கல்லின் வகை தெரிந்தால்தான் தடுப்பு மருந்து சரியாக அமையும். எந்த வகையானாலும், ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள். பால், தயிரை நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் குடலில் ஆக்சலேட் அதிகமாக உறிஞ்சப்பட்டு அதுவே கல்லாகும்.