வெயிலில் டெப் ஏன் மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூதூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்த் தகவல் பதிகிற வேலை எனக்கு. அலுவலகத்தில் தந்த டெப்பை 100 வீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் காலையில் கிளம்புகிறேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் 20-க்கு வந்துவிடுகிறது. அலுவலகத்துக்குள் இருந்து வேலை செய்கிற நாட்களில் அதே டெப் பின்னேரம் வரை தாங்குகிறது. டார்க் மோட், பற்றரி சேவர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பற்றரி பழுதா?
– வாசகி, மூதூர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு தங்கச்சி. பழுதென்றால் அலுவலகத்துக்குள்ளும் இதே கதைதான் நடந்திருக்கும். இங்கே பெரிய வித்தியாசம் வெயில்தான்.

டெப்பில் பற்றரியை அதிகம் தின்பது திரை. உச்சி வெயிலில் வெளிச்சம் 100,000 லக்ஸ் வரைக்கும் போகும், நல்ல வேப்பமர நிழலுக்குள் வந்தால் அது 10,000-க்கும் கீழே இறங்கிவிடும், அலுவலக அறைக்குள் 500 இருந்தாலே பெரிய காரியம். வெளியே வந்ததும் ஓட்டோ பிரைட்னஸ் என்ன செய்யும்? திரையைத் தன்னால் முடிந்த உச்சத்துக்கு ஏற்றிவிட்டு அங்கேயே நிற்கும். ஆனால் சாதாரண விலையில் கிடைக்கிற டெப்களின் உச்சமே 300 முதல் 500 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரை விடுகிற வெளிச்சத்தின் அளவு), இப்போது வருகிற நல்ல போன்கள் 1,000-ஐத் தாண்டுகின்றன, அதனால்தான் வெயிலில் போனில் வாசிக்க முடிகிறது, டெப்பில் முகம்தான் தெரிகிறது. அதாவது பற்றரியும் போகிறது, எழுத்தும் தெரிவதில்லை.

எனவே செட்டிங்ஸுக்குள் போய் நோண்டுவதற்கு முதல் நிழலுக்குப் போங்கள். மூதூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் விறாந்தையில் ஒரு கதிரை போட்டுத் தராமல் விடமாட்டார்கள், வெட்கப்படாமல் இருந்து எழுதுங்கள். இருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் விழுவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது. பின்னால் வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் எழுத்து வெளிறிவிடும், இருட்டான கதவுப் பக்கமோ மரமோ இருந்தால் பாதி வெளிச்சத்திலேயே வடிவாகத் தெரியும். அப்புறம் ஓட்டோ பிரைட்னஸை நிறுத்திவிட்டு, வாசிக்கக் காணும் என்கிற அளவுக்குக் கையாலேயே குறைத்து வையுங்கள். கண்ணாடி போலப் பளபளக்காத மேட் ஸ்டிக்கர் ஒன்றைத் திரையில் ஒட்டினாலும் பிரதிபலிப்புக் குறையும், படம் கொஞ்சம் மங்கலாகும், படிவம் நிரப்புகிற வேலைக்கு அது பரவாயில்லை.

டார்க் மோடை எடுத்துவிடுங்கள். திரையின் கறுப்புப் பகுதி உண்மையிலேயே அணைந்து பற்றரியை மிச்சம் பிடிப்பது ஓலெட் திரைகளில்தான். அலுவலகங்களில் தருகிற டெப்கள் பெரும்பாலும் எல்சிடி, அதில் திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே மாதிரித்தான் எரியும். போதாததற்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வெளியில் சரியாகத் தெரியாது, தெரியவில்லை என்று நீங்களும் வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள். வெளியே நிற்கும்போது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துத்தான் லாபம்.

அடுத்தது சிக்னல். டவர் தூரமாக இருக்கிற இடங்களில் டெப் கூடுதல் சக்தியோடு கத்திக்கத்தித்தான் டவரோடு கதைக்கும், ஒரு கோடும் இல்லாத இடத்தில் தேடித்தேடியே பற்றரியை முடிக்கும். நீங்கள் பதிகிற ஆப் தகவலை டெப்பிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பக்கூடியதா என்று அலுவலகத்தில் கேளுங்கள், இப்படியான வேலைக்குச் செய்த ஆப்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கும். இருந்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டு வேலை செய்துவிட்டு, சிக்னல் நன்றாக இருக்கிற இடத்துக்கு வந்ததும் ஒரேயடியாக அனுப்பலாம். வீட்டின் இடத்தைப் பதிய ஜிபிஎஸ் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம், ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருவதை வாங்குவது மட்டும்தான், எதையும் அனுப்புவதில்லை. அதனால் பெரும்பாலான டெப்களில் ஏரோப்ளேன் மோடிலும் அது வேலை செய்யும். வைஃபை மட்டும் உள்ள ஐபேட் என்றால் விஷயம் வேறு, அதில் ஜிபிஎஸ்ஸே கிடையாது.

நிமிடத்துக்கு ஒருதரம் எல்லா ஆப்களையும் தள்ளித்தள்ளி மூடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூடியதைத் திரும்ப முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதல் பற்றரி போகும்.

கேள்வி: நிலாவெளியில் படகு வைத்திருக்கிறேன், புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். கடலுக்கடியில் எடுத்த வீடியோக்களை வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு டெப் இருக்கிறது. பத்து மணி தாண்டினால் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஐஸ் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் என்ன?
– படகுக்காரர், நிலாவெளி

பதில்: ஐயோ, வேண்டாம் அண்ணன். குளிர்ந்த டெப்பை வெளியே எடுத்ததும் ஐஸ் சோடாப் போத்தல் வேர்ப்பது போல அதுவும் வேர்க்கும், வெளியில் மட்டுமல்ல, உள்ளேயும் ஈரம் கட்டும். சூட்டில் நின்ற டெப் ஆறினால் திரும்ப வரும், ஈரத்தில் நின்றது வராமலும் போகலாம். நிறுத்தி, கவரைக் கழற்றி, நிழலில் காற்றுப்படுகிற மாதிரி வைத்தால் போதும், தானாகவே ஆறும்.

ஐபேடை 35 பாகை வரையான சூழலில் பாவிக்கலாம் என்றுதான் ஆப்பிள் சொல்கிறது. மே தொடங்கி ஆகஸ்ட் வரை நிழலிலேயே 34, 35 என்று நிற்கிற ஊர் நம்முடையது, கச்சான் காற்று அடிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம். நேர் வெயிலில் கிடக்கிற கறுப்புக் கவர் போட்ட டெப் அதைவிட எவ்வளவோ மேலே போய்விடும். முதலில் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு எச்சரிக்கை வரும். இதெல்லாம் கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டெப் செய்கிற வேலை.

ஆனால் அடிக்கடி இப்படி ஆகவிட்டால் வேறொரு நட்டம் இருக்கிறது. குளிரில் லித்தியம் பற்றரி சோர்ந்தாலும் சூடு வந்ததும் பழையபடி வந்துவிடும். வெப்பத்தில் அப்படி இல்லை, போன கொள்ளளவு போனதுதான். அதிலும் முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பதுதான் பற்றரிக்கு ஆகக் கூடாதது. டெப்பின் பற்றரி செட்டிங்ஸில் 80 அல்லது 85 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், ஒரு ஓட்டத்துக்கு வீடியோ காட்ட அது தாராளம்.

வீடியோவை இணையத்திலிருந்து ஓட்டாமல் டெப்பிலேயே இறக்கி வையுங்கள். காட்டுகிற நேரம் தவிர அணைத்து, வெள்ளைத் துணிப்பைக்குள் போட்டு, இருக்கைக்கடியில் நிழலில் வையுங்கள். படகில் ஓடும்போது சார்ஜ் போட வேண்டாம், சார்ஜ் ஏறும்போதும் டெப் சூடாகும். சார்ஜ் துளையில் கடல் தண்ணீர் பட்டிருந்தால் நன்றாகக் காயும்வரை வயரைச் செருகவே கூடாது, உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற முனைகள் அரித்துப்போகும். டெப்பின் முதுகோ திரையோ புடைத்த மாதிரித் தெரிந்தால் அதோடு பாவிப்பதை நிறுத்திவிட்டுத் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள், அது பற்றரி வீங்கியிருப்பது.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பாங்க் வாங்கினேன். என் டெப்பின் பற்றரி 7,000. மூன்று தரம் ஏறவேண்டியது, இரண்டு தரத்தோடு முடிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– கிண்ணியா வாசகர்

பதில்: இரண்டு தரம் ஏறுகிறதென்றால் நல்ல சாமான்தான், கடைக்காரரைத் திட்டாதீர்கள். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கிற செல்களின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் மணி. அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி, வயர் வழியே டெப்புக்கு ஏற்றி முடிப்பதற்குள் கால்வாசிக்கு மேல் சூடாகப் போய்விடும். உங்கள் டெப்புக்கு ஒரு தரத்துக்கு 26, 27 வாட் மணி வேண்டும், கணக்குப் பண்ணிப் பாருங்கள். பவர் பாங்கின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ரேட்டட் கப்பாசிட்டி, அதாவது உண்மையில் வெளியே தருகிற அளவு, என்று ஒன்று போட்டிருப்பார்கள், வாங்கும்போது பார்க்கவேண்டிய எண் அதுதான். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் பொதுவாகப் பிரச்சினை இல்லை, வழக்கமான எல்லை 100 வாட் மணி.

மடிக்கிற சோலார் தகடு வாங்குகிற எண்ணம் இருந்தால், அதை நேரே டெப்பில் செருகாமல் பவர் பாங்கை நிரப்பப் பாவியுங்கள். மேகம் வந்தால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். தகடு வெயிலில் கிடக்கட்டும், பவர் பாங்க் நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடற்கரையில் டெப் பார்த்தால் திரை ஒரேயடியாக இருண்டுபோகிறது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் சரிவரவில்லை.
– உப்புவெளி

பதில்: உங்கள் கண்ணாடி போலரைஸ்ட் வகை, அதாவது ஒரு திசையில் அதிர்கிற வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவது, டெப்பின் திரையிலும் அதே மாதிரி ஒரு படலம் இருக்கிறது. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும்போது வெளிச்சம் அடைபடும். வெளிச்சத்தைக் கூட்டிப் பற்றரியை வீணாக்காமல் டெப்பைக் குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள், தெரியும். சில டெப்களில் சாய்வாகப் பிடித்தால்தான் தெரியும்.