ஒன்பது பேர் மேசையில் போக்கர் பழகியவர், ஆறு பேர், நான்கு பேர் மேசையில் ஆடக் கற்றுக்கொள்வது எப்படி?

நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொண்டிருந்து, வந்ததும் அடித்து ஜெயிக்கும் ஆள்தான் நீங்களும் என்று நினைக்கிறேன். மேசையில் ஆள் குறைந்ததும் கையிருப்பு ஏன் கரைகிறது என்று புரியாமல் கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்த பதில்கள் எல்லாம் “தைரியமாக நிறைய ஆடுங்கள்” என்கின்றன. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுமைசாலியைக் கோழை என்று நினைப்பவர்கள் சொல்லும் யோசனை இது.

சூதாட்டத்தை வளர்க்கிறாயா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. எங்கள் மேசையில் ஓடுவது புளியங்கொட்டை. தோற்றவர் டீ வாங்கித் தருவார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம், மூணாறு தலைப்புக்குச் சைக்கிளில் போய்வரும் தூரம். ஞாயிறு மாலை ஒன்பது பேர் கூடுவோம். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் பாதிப் பேர் வயலிலும் களத்திலும் இருப்பார்கள். நான், சித்தப்பா, அவர் மகன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று நால்வர்தான் மிஞ்சுவோம்.

அறுவடை முடிந்தால் வரவேண்டியதுதானே என்பீர்கள். எங்கே வருவது? நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். இரவில் ஒரு தூறல் விழுந்தால் மறுபடி காயவைக்க வேண்டும். எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் சிப்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மட்டும் ஈரமெல்லாம் உடனே காய்ந்துவிடும். இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, போக்கருக்குக் கேட்கிறார்கள்! சரி, விடுங்கள்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே, முறைவைத்துக் கட்டாயமாகப் போடுவதுதான் பிளைண்ட். சின்ன பிளைண்ட் ஒரு கொட்டை, பெரிய பிளைண்ட் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 ஆட்டங்களில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கே ஒன்பது பேர் மேசையில் 12 கொட்டை போகும். ஆறு பேர் என்றால் 18. நால்வர் என்றால் 27. கையில் வரும் இரண்டு சீட்டும் ஏஸாக இருக்கும் ஏஸ் ஜோடியோ சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். கடைமடைக்காரன் தண்ணீருக்குக் காத்திருப்பதுபோல் அதற்காக உட்கார்ந்திருந்தால் பயிர் கருகிவிடும்.

ஆனால் இதற்காகப் புது ஆட்டம் எதுவும் கற்க வேண்டியதில்லை. ஒன்பது பேர் மேசையில் முதல் மூவர் கவிழ்த்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆறு பேர் மேசைதானே? கவிழ்த்த சீட்டுகளில் ஏஸ் குறைவாக இருக்கும், அதனால் மிச்சத்தில் கூடும் என்று கணக்குப் புலிகள் வரலாம். அந்த வித்தியாசம் மிகச் சிறியது. பட்டனில் இருந்து, அதாவது பிளைண்ட் வைக்கும் இருவருக்கும் முந்திய இடத்தில் இருந்து எண்ணுங்கள். ஒன்பது பேர் மேசையின் முதல் இடத்தில் பத்துக்கு ஒரு சீட்டு ஆடுவீர்கள். முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் கவிழ்த்தபின் பட்டனில் பத்துக்கு நான்கு ஆடலாம். ஆள் குறையும்போது, ஓய்வெடுத்துக்கொண்டிருந்த முன் இடங்கள்தான் காணாமல் போகின்றன. கடைசி இடங்களை ஒழுங்காக ஆடத் தெரிந்தவருக்கு இதில் பயமே இல்லை.

உண்மையிலேயே புதிதாகப் பழகவேண்டியது பிளைண்டைக் காப்பதைத்தான். எங்கள் வாத்தியார் பட்டனில் உட்கார்ந்தால் சீட்டைப் பார்த்தும் பாராமலும் ஐந்து கொட்டைக்கு ஏற்றிவிடுவார். நான் கவிழ்த்துவிடுவேன் என்ற நம்பிக்கை. ஒருநாள் பெரிய பிளைண்டில் எனக்கு ஸ்பேடில் ஜாக்கியும் ஒன்பதும் வந்தன. சித்தப்பாவின் மகன் கவிழ்த்தான், வாத்தியார் ஏற்றினார், சின்ன பிளைண்டில் இருந்த சித்தப்பாவும் கவிழ்த்தார். நடுவில் எட்டுக் கொட்டை. நான் போடவேண்டியது மூன்று. பதினொன்றில் மூன்று பங்கு, அதாவது நூற்றுக்கு 27 தடவை ஜெயித்தாலே கட்டும். போட்டேன்.

எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் சீட்டுகளில் ஒன்பது, ஆறு, இரண்டு விழுந்தன. அவர் ஆறு வைத்தார், நானும் வைத்தேன். அடுத்து ராணி. அவர் பன்னிரண்டு வைத்தார், அதையும் வைத்தேன். கடைசிச் சீட்டு மூன்று; இருவரும் எதுவும் வைக்காமல் தட்டிவிட்டோம். அவர் காட்டியது ஏஸும் எட்டும். 47 கொட்டையும் என் பக்கம் வந்தது.

“ஏன்ப்பா, ஒன்பது ஜோடியை வைத்துக்கொண்டா இவ்வளவு தூரம் வந்தாய்?”

“நீங்கள் எதை வைத்து ஏற்றுவீர்கள் என்று தெரிந்துதான் சார் வந்தேன்.”

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள். எதிரே எட்டுப் பேர் இருந்து, முதல் இடத்தில் இருப்பவர் ஏற்றியிருந்தால் இதே ஒன்பதை நான் ராணி விழுந்ததுமே கவிழ்த்திருப்பேன். இங்கே எதிரே ஒருவர், அவரும் எதை வைத்தும் ஏற்றுபவர். அந்த மனிதருக்கு எதிராக ஒன்பது ஜோடியே பெரிய சீட்டு. சித்தப்பா ஏற்றியிருந்தால் கதையே வேறு. அவர் ஏற்றினால் ராஜா ஜோடிக்குக் குறையாது.

இருவர் மட்டும் மிஞ்சும் மேசையில் பட்டன்காரரே சின்ன பிளைண்ட் வைத்து, முதல் சுற்றில் முதலிலும் பிறகு கடைசியிலும் ஆடவேண்டும். அதற்குக் கணக்கு வேறு, தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.