வாங்கலாமா, வேண்டாமா? – இந்த வாரம் உருவப்படம்

கேள்வி: ஐயாவின் சதாபிஷேகத்துக்கு ஓவியர் ஒருவரை வரவழைத்தோம். நேரில் உட்கார வைத்து வரைவதாகச் சொல்லி 8,000 ரூபாய் வாங்கினார். ஐந்து நிமிடம் பென்சிலை அசைத்தார், கைப்பேசியில் நாலு படம் எடுத்தார், போய்விட்டார். பத்து நாள் கழித்துக் கூரியரில் படம் வந்தது. ஐயாவின் மூக்கு கொழுக்கட்டை போல இருக்கிறது. (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆச்சி, அந்த மூக்குதான் சாட்சி. கைப்பேசியை முகத்துக்குக் கிட்டே பிடித்தால் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். ஆறடி தள்ளி உட்கார்ந்து வரைகிறவர் கண்ணுக்கு அப்படித் தெரியாது. படத்தை ஜன்னலருகே சாய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு என்றால் கோடு மட்டும் மினுங்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு.

போட்டோவைப் பார்த்து வரைவது குற்றமில்லை. நம் செட்டிநாட்டு வீட்டு வளவுச் சுவர்களில் போட்டோவைப் பார்த்து எழுதிய மூதாதையர் படங்கள் எத்தனையோ உண்டு. 'நேரில்' என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு இதைச் செய்வதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரில் வரைவதென்றால் இருபது நிமிடம் உட்கார்த்தி, ஐந்து நிமிடம் எழுப்பி, மறுபடி அதே இடத்தில் உட்கார்த்த வேண்டும். அதற்காக நாற்காலிக் காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். பெரியவர் தூங்கி வழிந்தால் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் அழித்து மறுபடி போட்ட காது ஒன்றாவது மிஞ்சும். 8,000 ரூபாய் அந்த உழைப்புக்குத்தான்.

நானும் ஏமாந்தவன். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் 'கையால் எழுதிய' ஆயில் படம் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் ஈரத்துணியால் துடைத்ததும் மெருகு கையோடு வந்தது. அடி ஓரத்தில் 'சிவகாசி' என்று அச்செழுத்து சிரித்தது.

நீங்கள் விடாதீர்கள். பேசியதற்கு வாட்ஸ்அப் இருந்தாலும் போதும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: மகன் ஓவிய வகுப்புக்குப் போகிறான். 24 பென்சில் கொண்ட செட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கிய செட்டில் 2பி, 4பி, 6பி எல்லாம் ஒரே கறுப்பு. பி எண் ஏற ஏறக் களிமண் குறைந்து கிராஃபைட் கூட வேண்டும், கோடு கறுக்க வேண்டும். எச்பி, 2பி, 4பி, 6பி என்று நாலு பென்சிலை உதிரியாக, கடைக்காரர் பில்லின் முதுகிலேயே கிறுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஓவியர் தெரிந்தவர் என்பதால் முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். பில் இல்லை, அளவு பேசவில்லை, தேதி பேசவில்லை. ஏழு மாதமாகிறது.

பதில்: கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்ப்பீர்கள்தானே? இன்றைக்கே கொடுத்த தொகையையும் கேட்ட படத்தையும் எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு விடும் எங்கள் காளையை நேரில் வரைய ஒருவர் 5,000 ரூபாயையும் முன்பணமாகக் கேட்கிறார். காளை ஒரு நிமிடம் நிற்காது. கொடுக்கலாமா?

பதில்: பாதி கொடுங்கள், அதுவும் அவருடைய நோட்டைப் பார்த்த பிறகு. ஒரே பக்கத்தில் பத்து அரைகுறை மாடு இருந்தால் நல்ல கை. மாடு திரும்பினால் அடுத்ததைத் தொடங்குவார், பழைய நிலைக்கு வந்தால் விட்டதைத் தொடருவார். முடித்த படங்களை மட்டும் காட்டுகிறவர் போட்டோ ஆள். வைக்கோல் தின்று படுத்து அசைபோடும் நேரத்துக்கு வரச்சொல்லுங்கள். அவருடைய ஸ்டூல், காளையைக் கட்டிய கயிற்றின் நீளத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் நாயைக் கரித்துண்டால் வரைந்து வாங்கினோம். கண்ணாடி போடச் சொல்லியிருந்தார், போடவில்லை. தூசி என்று துடைத்ததில் நாயின் முகமே போய்விட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. நாய் இருக்கிறதல்லவா, மறுபடி உட்கார வையுங்கள்.