ஜே.சி. டேனியல் பற்றிப் பேச

தம்பி, கல்லூரி விழாவில் ஜே.சி. டேனியல் பற்றிப் பேசணும், 'மலையாள சினிமாவின் தந்தை' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீங்க. களரி என்ற கேரளத் தற்காப்புக் கலையில் தொடங்குங்க. 1915-இலேயே வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர். களரியைப் பரப்பும் ஆசைதான் சினிமாவுக்கு இழுத்தது. சொத்தை விற்று முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' எடுத்தார். நொடித்துப்போய், பிறகு பல் மருத்துவரானார். 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார்.

அந்தப் படத்தின் நாயகி பி.கே. ரோசியை மட்டும் விட்டுடாதீங்க. தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் தாக்கி விரட்டினார்கள். அவர் நம்ம நாகர்கோவிலுக்கு வந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். என்னைக் கேட்டால், பாதி நேரத்தை இவருக்கே கொடுக்கணும். மலையாளத் திரையுலகுக்குக் கேரள அரசு தரும் உயரிய விருது 1992 முதல் டேனியல் பெயரில்தான் இருக்கு, அதையும் சொல்லுங்க.