அமெரிக்க அரசமைப்பு மாநாட்டிலிருந்து வெளியேறிய ஜான் லான்சிங் யார்? காணாமல் போனார் என்பதைத் தவிர அவரைப் பற்றி அறிய ஏதேனும் உண்டா?

நிறையவே உண்டு. எழுபத்தைந்து வயதில் அவர் காணாமல் போன கதை வாசிக்கச் சுவையானதாக இருக்கலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகக் குறைவாகப் பயன்படும் பகுதி அதுதான் என்பது என் கருத்து. அமெரிக்கச் சட்ட வரலாற்றை ஆர்வத்தின் பேரில் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற முறையில், அரசியல்வாதியாகவும் நீதிபதியாகவும் அவர் செய்தவற்றையே இங்கு முதன்மையாகச் சொல்கிறேன்.

லான்சிங் 1754 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தின் அல்பனியில் பிறந்தார். ராபர்ட் யேட்ஸிடமும் ஜேம்ஸ் டுவானிடமும் சட்டம் பயின்றார். விடுதலைப் போரின்போது தளபதி ஃபிலிப் ஸ்கைலருக்குச் செயலாளராக இருந்தார். பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், அவைத் தலைவர், 1786 முதல் அல்பனி நகர மேயர் என்று படிப்படியாக உயர்ந்தார்.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாட்டுக்கு நியூயார்க் மூவரை அனுப்பியது: ராபர்ட் யேட்ஸ், லான்சிங், அலெக்சாண்டர் ஹாமில்டன். முதல் இருவரும் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனின் அணியைச் சேர்ந்தவர்கள். துறைமுகத்தில் வசூலாகும் இறக்குமதித் தீர்வையே நியூயார்க்கின் வருமானத்துக்குப் பெரும் ஆதாரமாக இருந்ததால், அதைத் தன்வயமாக்கக்கூடிய வலுவான மத்திய அரசு என்ற எண்ணத்தை அந்த அணி விரும்பவில்லை. அங்கே வகுக்கப்படுவது மாநிலங்களை அதுவரை தளர்வாக இணைத்திருந்த பழைய கூட்டமைப்பு விதிகளின் திருத்தமன்று, முற்றிலும் புதியதோர் அரசு என்பதை உணர்ந்த லான்சிங், ஜூன் 16 அன்று எழுந்து, மாநிலங்களை ஒன்றாகக் கரைப்பதுதான் நோக்கம் என்று தெரிந்திருந்தால் நியூயார்க் தன் பிரதிநிதிகளை அனுப்பியே இருக்காது என்று வாதிட்டார். ஜூலை 10 அன்று அவரும் யேட்ஸும் மாநாட்டை விட்டு வெளியேறினர். மாநிலத்துக்கு ஒரு வாக்கு, அதையும் ஒருவர் தனித்து அளிக்க இயலாது என்பதால், தனியாளாய் எஞ்சிய ஹாமில்டனால் நியூயார்க்கின் பெயரால் வாக்களிக்க முடியாமல் போயிற்று. செப்டம்பர் 17 அன்று அம்மாநிலத்தின் சார்பில் அவர் ஒருவரே கையொப்பமிட்டார்.

தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் திருத்தம் செய்வதற்கு மட்டுமே என்றும், இத்தனை பரந்த நிலப்பரப்பை ஒரே மத்திய அரசு ஆண்டால் மக்களின் உரிமைகள் பாதுகாப்பாக இரா என்றும் இருவரும் கிளின்டனுக்குக் கடிதம் எழுதினர். முதல் வாதம் சட்டப்படி வலுவானது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அவையில் அமர்ந்து வாக்களித்து மாற்றியிருக்கக்கூடியவற்றையும் அவர்கள் கைவிட்டுச் சென்றார்கள். அரசியல் கணக்கில் அது பெரிய இழப்பு.

அடுத்த ஆண்டு பொகிப்சியில் நடந்த மாநில ஒப்புதல் மாநாட்டில் அவ்விழப்பை ஈடுசெய்ய லான்சிங் முயன்றார். அங்கே புதிய அரசமைப்பை எதிர்த்தோர் 46 பேர், ஆதரித்தோர் 19 பேர். மாநில அரசுகளைப் பற்றி ஃபிலடெல்ஃபியாவில் ஒன்று பேசிவிட்டு இங்கே வேறொன்று பேசுகிறார் என்று ஹாமில்டனை அவர் நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினார். ஹாமில்டன் மறுக்க, யேட்ஸ் எடுத்திருந்த குறிப்புகளைச் சாட்சிக்கு அழைக்கும் அளவுக்குச் சச்சரவு முற்றியது. ஆனால் நியூ ஹாம்ப்ஷயரும் வர்ஜீனியாவும் ஒப்புதல் அளித்து, அரசமைப்பு நடப்புக்கு வருவது உறுதியாகிவிட்ட நிலையில், விலகும் உரிமையோடு கூடிய நிபந்தனை ஒப்புதல் என்ற லான்சிங்கின் யோசனை எடுபடவில்லை. எதிரணியின் மெலாங்டன் ஸ்மித் போன்றோர் மனம் மாறியதால் 30க்கு 27 என்ற வாக்குகளில் அரசமைப்பு நிறைவேறியது.

தாம் எதிர்த்த அரசமைப்பின் கீழேயே அவர் நெடுங்காலம் நீதிபதியாக இருந்தார். 1790இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, 1798இல் தலைமை நீதிபதி, 1801இல் சான்சலர். சான்சலர் என்பவர், சாதாரணச் சட்ட நீதிமன்றங்களில் தீர்வு கிடைக்காத வழக்குகளில் நியாய உணர்வின் அடிப்படையில் ஆணையிடும் தனி நீதிமன்றத்தின் தலைவர். அக்கால நியூயார்க்கில் மிக உயர்ந்த நீதித்துறைப் பதவிகளுள் ஒன்று.

அங்கேதான் அவர் பெயரை நிலைநிறுத்திய வழக்கு எழுந்தது. ஜான் வான் நெஸ் யேட்ஸ் என்ற வழக்கறிஞர், அந்நீதிமன்றத்தில் அலுவலர் பதவி வகித்துக்கொண்டே வேறொருவர் பெயரில் வழக்கு நடத்தினார் என்று லான்சிங் அவரை அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறையிலடைத்தார். ஆட்கொணர்வு மனுவின் பேரில் நீதிபதி ஆம்ப்ரோஸ் ஸ்பென்சர் விடுவித்தார். லான்சிங் மீண்டும் சிறைக்கு அனுப்பினார். இந்த யேட்ஸ் யார் என்றால், லான்சிங்குக்குச் சட்டம் கற்பித்து, அவரோடு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வெளியேறிய அதே ராபர்ட் யேட்ஸின் மகன்! விடுவிக்கப்பட்டவரை மறுபடி அடைத்ததற்காக யேட்ஸ் தண்டத் தொகை கேட்டு வழக்குத் தொடுத்தபோது, நீதிபதி தம் நீதிமன்ற அதிகாரத்தின்படி செய்த செயலுக்காக அவர்மீது தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடர முடியாது என்று 1810இல் மாநிலத் தலைமை நீதிபதி ஜேம்ஸ் கென்ட் தீர்ப்பளித்தார். 1870களின் தொடக்கத்தில் கூட்டரசின் உச்ச நீதிமன்றம் பிராட்லி எதிர் ஃபிஷர் வழக்கில் நீதிபதிகளின் காப்புரிமையை வரையறுத்தபோது கென்ட்டின் இத்தீர்ப்பும் மேற்கோளாயிற்று. கட்டற்ற அதிகாரத்துக்கு அஞ்சி மாநாட்டையே துறந்த ஒருவர், இவ்வளவு விரிந்த பாதுகாப்புக்குக் காரணமானது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

இன்னொரு வழக்கில் அவரது போக்கு வேறு. ஹட்சன் ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டும் ஏகபோக உரிமை ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கும் ஃபுல்டனுக்கும் இருந்தது. லிவிங்ஸ்டன், லான்சிங்குக்கு முன் சான்சலராக இருந்தவர். போட்டிக் கப்பலைத் தடுக்க அவர்கள் கோரிய தடையாணையை 1811இல் லான்சிங் மறுத்தார். மேல்முறையீட்டில் அவரது மறுப்பு ரத்தானது. எனினும் 1824இல் கூட்டரசின் உச்ச நீதிமன்றமே, வேறு காரணத்தின் மேல், அந்த ஏகபோகத்தை உடைத்தது.

இடையில் 1804இல் ஆளுநர் பதவிக்கு நிறுத்தப்பட்டு, அவரே விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக நின்ற மார்கன் லூயிஸ், ஏரன் பரைத் தோற்கடித்தார். அறுபது வயதில் நீதிபதிகள் ஓய்வுபெற வேண்டும் என்ற மாநில விதியின்படி 1814இல் லான்சிங் பதவி துறக்க, கென்ட் அடுத்த சான்சலரானார்.

1829 டிசம்பர் 12 அன்று, நியூயார்க் நகர ஓட்டலிலிருந்து அல்பனிக் கப்பலில் கடிதம் சேர்க்கப் புறப்பட்டவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அது கொலை என்று அரசியல்வாதி தர்லோ வீட் எழுதிவைத்தார். ஆனால் கொன்றவர்கள் யாரென்று சொல்லாமலே இறந்தார். பெயர்களற்ற குற்றச்சாட்டை நான் ஆதாரமாகக் கொள்வதில்லை.

மேலும் அறிய விரும்பினால் 1939இல் அச்சான அவரது மாநாட்டுக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஜூலை 10க்குப் பிந்தைய விவாதங்கள் அவற்றில் இல்லையாதலால், அதன் பிறகு மற்றொரு பிரதிநிதியான ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகளைத்தான் நாட வேண்டும்.