பழகிய பில்லியர்ட்ஸ் (pool) மேசையில் மட்டும் ஆட்டம் ஏன் நன்றாக வருகிறது?

தினமும் ஆடும் மேசை, கியூ (பந்தை அடிக்கும் கோல்), விளக்கு வெளிச்சம் இவற்றால் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் பலத்தைச் 'சொந்த மேசைச் சாதகம்' எனலாம். எந்த இரண்டு மேசையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேசைமேல் விரித்த புதுத் துணியில் பந்து வழுக்கிக்கொண்டு தூரம் ஓடும். ஈரம் ஏறிய பழைய துணியில் சீக்கிரமே நின்றுவிடும். குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். பழகிய மேசையில் இந்தக் கணக்கையெல்லாம் கை தானாகவே போட்டுவிடும். மனம் அடுத்த பந்தை யோசிக்கலாம். கியூவும் அப்படித்தான். பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் எடை இருக்கும். அதில் ஓர் அவுன்ஸ் கூடினாலும் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்தவர் வண்டியை ஓட்டும்போது கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று தடுமாறுகிறோமே, அதேதான்.

அப்புறம், விலை உயர்ந்த கியூ வாங்கினாலே ஆட்டம் உயர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கைக்குப் பழகும்வரை அதிலும் குறி தவறவே செய்யும்.