ஒன்பது வயதுப் பையனைச் சாரணர் குழுவில் சேர்க்க நினைக்கிறேன், காரைக்குடிப் பக்கம் நல்ல குழு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பையன் செல்போனை விட்டு எழ மாட்டேன் என்கிறான், சாரணர், ஜேஆர்சி (ஜூனியர் ரெட் கிராஸ்), என்சிசி (தேசிய மாணவர் படை) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் காரைக்குடிதான். இதில் ஒரு தடவை ஏமாந்து அடுத்த தடவை தேறியவன் என்பதால் எழுதுகிறேன்.

வயதுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஜேஆர்சி, என்சிசி எல்லாம் இன்னும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயது வரை குருளையர், அதற்கு மேல்தான் சாரணர். பல பள்ளிகளில் சாரணர் படை இருக்கும், குருளையர் இருக்காது. இல்லையென்றால் ஒரு வருடம் பொறுத்திருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

இனி என் கதை. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட்டில் சாரணர் வைர விழாப் பெருந்திரளணி (ஜம்போரி முகாம்) நடந்ததே, அதைச் செய்தியில் பார்த்த வேகத்தில் பெரியவனை அவன் பள்ளியிலேயே சேர்த்துவிட்டேன். முதல் நாளே சீருடை, தொப்பி, ஸ்கார்ஃப், பெல்ட் எல்லாவற்றுக்கும் பணம் வாங்கிவிட்டார்கள். எனக்கும் பெருமைதான், முகப்பில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வரை அனுப்பினேன். அப்புறம் பார்த்தால் அந்தச் சீருடையை அவன் போட்டதே மொத்தம் நாலைந்து தடவை: ஆகஸ்ட் 15, ஆண்டு விழா, யாரோ விருந்தினர் வந்த நாள். பன்னீர் தெளிக்கவும் நாற்காலி தூக்கவும் வரிசையில் நிற்கவும்தான் பிள்ளைகள். “என்னடா கத்துக்கிட்ட?” என்று கேட்டதற்கு “அட்டென்ஷன்ல நிக்க” என்றான். வாரக் கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை, நானும் விசாரிக்கவில்லை, அது என் தப்பு.

முறைப்படி எப்படி என்றால், பிரவேஷ் என்ற தொடக்க நிலையில் சாரணர் உறுதிமொழி, சட்டம், சல்யூட், இடது கை குலுக்கல் எல்லாம் கற்றுக்கொண்டு, உறுதிமொழி எடுத்த பிறகுதான் ஸ்கார்ஃப் கழுத்தில் ஏறும். முதல் நாளே கையில் கொடுத்துக் காசு வாங்கினால் அங்கேயே சுதாரித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது தெரியாது.

அடுத்ததாக, பள்ளி சாராத ஒரு ஓப்பன் குரூப் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறது என்று மைத்துனர் சொல்லிப் போனேன். ஊருணிக் கரையை ஒட்டின மைதானம். அந்த ஆசிரியர் என்னைப் பார்த்து, “சேர்க்கிறதை அப்புறம் பார்ப்போம், இன்னைக்குச் சும்மா உட்கார்ந்து பாருங்க” என்று சொல்லிவிட்டு அவரும் ஓரமாய் உட்கார்ந்துகொண்டார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் அணியில் இருந்த ஆறு பேருக்குக் கயிறு முடிச்சு சொல்லிக்கொடுத்தான். வேறு வேறு கனத்தில் இரண்டு கயிறு இருந்தால் ரீஃப் நாட் போட்டு இணைக்காதே நழுவிவிடும், ஷீட் பெண்ட் போடு, ஆளைத் தூக்க வேண்டுமென்றால் இறுகாத போலைன் போடு என்று அவன் விளக்கிய அழகில் நானே ஒன்று கற்றுக்கொண்டேன். இன்னொரு அணி மூன்று கல்லை வைத்து உப்புமா கிண்டி அடிப்பிடிக்க விட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கவும் இல்லை, கருகினதை அவர்களே தின்றார்கள். வீட்டில் கொழுக்கட்டையில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தட்டைத் தள்ளும் என் மகன் அதில் ஒரு கை வாங்கித் தின்றதைப் பார்த்ததும் இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆக, குழுவுக்கு என்ன பெயர், எத்தனை கோப்பை வாங்கியது என்பதெல்லாம் இருக்கட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வாரக் கூட்டத்துக்குப் போய், ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் போட்ட முதல் முகாமிலேயே இருபது சொச்சம் பையன்களை நாலு அணியாகப் பிரித்து, பெரிய பையன்களையே தலைவர்களாக்கிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். என்னால் பதினாறு பேரைத்தான் ஒழுங்காகப் பழக்க முடியும், என்னைவிட இரண்டு மடங்கு கெட்டிக்காரர் என்றால் 32 என்று அவரே சொன்னவர். ஒரே ஆசிரியர் எண்பது பிள்ளைகளுக்கு விசில் ஊதினால் அது டிரில் பீரியட்.

அப்புறம், இது முக்கியம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்சிசி பெயரில் நடந்த முகாமே போலி என்பது ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளான பிறகுதான் வெளியே வந்தது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: குழுவின் பதிவு எண் என்ன, ஆசிரியர் பயிற்சி முடித்தவரா, இரவு முகாமில் எத்தனை பெரியவர்கள் தங்குவார்கள், பெண்பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் இருப்பாரா. சாரணர் என்றால் மாவட்டச் செயலாளரிடமும், என்சிசி என்றால் பட்டாலியன் அலுவலகத்திலும் சரிபார்க்கலாம். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடமே வேண்டாம்.

சான்றிதழ் பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். மாநில அளவிலான ராஜ்யபுரஸ்கார், ராஷ்டிரபதி விருது, ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு எல்லாம் உண்மைதான், ஆனால் அதற்கு ஒவ்வொரு சோபானாக, அதாவது படிநிலையாக, வருடக்கணக்கில் ஏற வேண்டும். ஒன்பது வயதில் அதைப் பேசினால் பையனுக்கு இன்னொரு டியூஷன் ஆகிவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். என் மகளுக்குக் கூட்டமும் விசிலும் பிடிக்கவில்லை, மூன்றாம் வாரமே வரமாட்டேன் என்றாள், விட்டுவிட்டேன். இப்போது கம்பன் விழாப் பேச்சுப் போட்டிக்கு அவளாகவே தயார் செய்கிறாள். பெரியவனோ வீட்டு வளவில் ஒரு தூண் விடாமல் குளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். அப்பத்தா, “பர்மாத் தேக்குடா இது, எங்க ஓடிப்போகப் போகுதுன்னு கட்டிப்போடுற?” என்று தினமும் சண்டை.

சீருடையை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பள்ளியில் வாங்கினது ஒன்று அலமாரியில் புதுசாகவே கிடக்கிறது, இவனுக்குச் சின்னதாகிவிட்டது. உங்கள் பையன் சாரணராகும் சமயத்தில் அளவு சரியாக இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன்.